டேங்கர் லாரியில் எழுதியிருக்கும் எண் என்ன சொல்கிறது? – சந்தேகங்களும் விளக்கங்களும்

2025 ஜனவரி 3 அதிகாலை, கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பிய சமையல் எரிவாயு லாரியிலிருந்து டேங்கர் மட்டும் தனியாகக் கழன்று சாலையில் சாய்ந்தது. கொச்சியிலிருந்து வந்த 18 டன் எரிவாயு உள்ளே இருந்தது; கசியவும் தொடங்கிவிட்டது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தபடி நின்றார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அன்று விடுமுறை விடப்பட்டது. உயிர்ச்சேதம் இல்லாமல் டேங்கர் மீட்கப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஜெய்ப்பூர் அருகே பாங்ரோட்டாவில் இதேபோன்ற எரிவாயு லாரியுடன் இன்னொரு லாரி மோதியது. கசிந்த வாயு தீப்பிடித்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள்.

எரிவாயு டேங்கர் லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது. எண்ணூர், மணலி, தூத்துக்குடி, கடலூர் பக்கம் போனால் ஆசிட், அம்மோனியா, குளோரின் ஏற்றிய வண்டிகளைத் தினமும் பார்க்கலாம். எல்லாவற்றின் பின்னாலும் ஒரு சாய்சதுரப் படம், நான்கு இலக்க எண், ஒரு தொலைபேசி எண். அந்த வண்டிக்குப் பின்னால் பைக்கில் போகிறவரும் அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதையொட்டி எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இதோ.

ஒரு வேதிப்பொருளை ஆபத்தான சரக்கு என்று யார் முடிவு செய்கிறார்கள்?

அடிப்படை விதிகளை வகுப்பது ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக மன்றத்தின் கீழ் இயங்கும் நிபுணர் குழு. ஜெனீவாவில் கூடுகிறது. 1956இல் முதல் பரிந்துரைகளை வெளியிட்டது. இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்திய பதிப்பு வருகிறது. அட்டையின் நிறத்தால் துறை சார்ந்தவர்கள் அதை ‘ஆரஞ்சு புத்தகம்’ என்றே சொல்வார்கள். அதில் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு நான்கு இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் 1203, டீசல் 1202, சமையல் எரிவாயு 1075, குளோரின் 1017, சல்ஃப்யூரிக் ஆசிட் 1830. சென்னையிலும் ஷாங்காயிலும் ரோட்டர்டாமிலும் இதே எண்தான்.

அந்தப் புத்தகம் மட்டும் சட்டமாகிவிடாது. கப்பலுக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு, விமானத்துக்கு ஒன்று என அதிலிருந்து கிளைகள் பிரிகின்றன. நம் சாலைகளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 129 முதல் 137 வரையிலான பிரிவுகள் உண்டு. ரயில்வேக்கு ‘ரெட் டாரிஃப்’ என்ற தனித் தொகுப்பு இருக்கிறது. வெடிபொருள், பெட்ரோலியம், எரிவாயு சிலிண்டர் போன்றவற்றுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பின் உரிமமும் தேவை.

ஆனால், ஒரு குறிப்பிட்ட டிரம்மில் இருப்பது எந்த வகுப்பு என்று முடிவு செய்யும் பொறுப்பு அதை அனுப்புகிறவருடையது. பட்டியலில் பெயர் இருந்தால் அதன்படி. புதிய கலவையாக இருந்தால் சோதித்து. லாரி உரிமையாளரும் டிரைவரும் துறைமுக ஊழியரும் கப்பல் கேப்டனும் அந்த ஒருவரின் எழுத்தை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். எல்லோரும் திறந்து பார்க்க முடியாது. அவர் காகிதத்தில் பொய் எழுதினால், அதன் பிறகு நடக்கும் எந்த ஏற்பாடும் சரியாக இருக்காது.

மொத்தம் எத்தனை வகுப்புகள்?

ஒன்பது. 1 வெடிபொருள்கள், 2 வாயுக்கள், 3 தீப்பற்றும் திரவங்கள், 4 தீப்பற்றும் திடப்பொருள்கள், 5 மற்றவற்றை எரியத் தூண்டும் ஆக்சிஜனேற்றிகள், 6 நஞ்சும் தொற்றுப் பொருள்களும், 7 கதிரியக்கப் பொருள்கள், 8 அரிக்கும் பொருள்கள், 9 இவற்றில் அடங்காத மற்றவை. வரிசை எண்ணை வைத்து ‘1 மிக ஆபத்து, 9 குறைந்த ஆபத்து’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பு எண் ஆபத்தின் தன்மையைத்தான் சொல்கிறது. அதன் கடுமையைச் சொல்வதற்கு ‘பேக்கிங் குரூப்’ என்று இன்னொரு பிரிவு இருக்கிறது: ஒன்று என்றால் மிகக் கடுமை, இரண்டு நடுத்தரம், மூன்று குறைவு. டிரம் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாமல் இருக்க வேண்டும் என்பதுவரை இந்தப் பிரிவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

பெட்ரோல், டீசல் இரண்டும் எரியக்கூடியவைதானே, வேறுபாடு எதற்கு?

இரண்டும் மூன்றாம் வகுப்புதான். ஆனால், பெட்ரோல் பேக்கிங் குரூப் இரண்டு, டீசல் மூன்று. இதைப் பிரித்துக் காட்டுவது ஃபிளாஷ் பாயின்ட் எனப்படும் தீப்பற்று வெப்பநிலை.

அதை அளக்கும் விதம் பார்க்க எளிமையாக இருக்கும். மூடிபோட்ட சிறிய பித்தளைக் கிண்ணத்தில் குறித்த அளவுக்குத் திரவத்தை ஊற்றுகிறார்கள். தெர்மாமீட்டரைச் செருகி, மெதுவாகச் சூடேற்றுகிறார்கள். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் மூடியிலுள்ள சிறு திறப்பை விலக்கி, பட்டாணி அளவு சுடர் ஒன்றை உள்ளே காட்டி எடுக்கிறார்கள். ஒரு கட்டத்தில் திரவத்தின் மேற்பரப்பில் நீல நிறத்தில் ஒரு மின்னல் ஓடி அணையும். அந்த நேரத்து வெப்பநிலைதான் தீப்பற்று வெப்பநிலை. எரிந்தது திரவம் அல்ல, அதிலிருந்து எழுந்த ஆவி.

அது 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால் மூன்றாம் வகுப்பு. 23 டிகிரிக்குக் கீழே என்றால் குரூப் இரண்டு, கொதிநிலையே 35 டிகிரியைத் தாண்டாத திரவம் என்றால் குரூப் ஒன்று, மற்றவை மூன்று. பெட்ரோலுக்கு இது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வாக்கில் இருக்கிறது. அதாவது, ஊட்டியில் டிசம்பர் இரவிலும் பெட்ரோல் ஆவி தீப்பொறிக்காகக் காத்திருக்கும். டீசலுக்கு இந்தியத் தர நிர்ணயப்படி 35 டிகிரிக்குக் குறையக் கூடாது. அதனால் டீசல் சாதுவானது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2025 ஜூலையில் திருவள்ளூர் அருகே தடம்புரண்ட சரக்கு ரயிலில் வேகன் வேகனாக எரிந்தது டீசல்தான். வேலூரில் மே மாத வெயிலே 40 டிகிரியைத் தாண்டுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

புற்றுநோய் உண்டாக்கும் பொருளுக்கு என்ன வகுப்பு?

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. போக்குவரத்து விதிகளில் அப்படி ஒரு வகுப்பே கிடையாது. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி. ஆனாலும், லாரியில் ஏறும்போது அது தீப்பற்றும் திரவம் மட்டுமே. எண் 1114, வகுப்பு மூன்று. நுரையீரலை நாசமாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறது.

காரணம், இந்த வகைப்பாடு கேட்கும் கேள்வி மிகக் குறுகியது: வழியில் கொள்கலன் உடைந்தால், அடுத்த சில நிமிடங்களிலும் சில மணி நேரத்திலும் பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகும்? இருபது வருடம் சுவாசித்தால் என்ன ஆகும் என்பதைத் தொழிற்சாலை, கிடங்கு, பணியாளர் பாதுகாப்பு சார்ந்த வேறு விதிகள் பார்த்துக்கொள்கின்றன. எனவே, லாரியில் மண்டையோட்டுப் படம் இல்லை என்பதால் அந்தப் பொருள் உடம்புக்குத் தீங்கற்றது என்று அர்த்தமில்லை. ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் 16 பகுதிகள் இருக்கும். அதில் 14ஆவது பகுதி மட்டுமே போக்குவரத்து பற்றியது. கிடங்கில் வேலை பார்ப்பவர்கள் மற்ற பகுதிகளையும் கேட்டுப் படிக்க வேண்டும்.

உடனடிப் பாதிப்பை அளப்பதற்குக் கறாரான எல்லைகள் இருக்கின்றன. நஞ்சு என்றால், சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவைப் பார்க்கிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமே போதும் என்றால் குரூப் ஒன்று, 50 வரை இரண்டு, 300 வரை மூன்று. ஆசிட் என்றால் நேரம்தான் அளவுகோல். மூன்று நிமிடத்துக்குள் தோலின் முழு ஆழத்தையும் அழித்துவிடக்கூடியது குரூப் ஒன்று. ஒரு மணி நேரம் வரை எடுத்தால் இரண்டு. நான்கு மணி நேரம் வரை என்றால் மூன்று. தோலை ஒன்றும் செய்யாவிட்டாலும், இரும்பையோ அலுமினியத்தையோ ஆண்டுக்கு 6.25 மில்லிமீட்டருக்கு மேல் அரிக்கும் வேகம் இருந்தால் அதுவும் எட்டாம் வகுப்புக்குள் வந்துவிடும். டேங்கரே ஓட்டையாகிவிடும் அல்லவா!

ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று ஆபத்து இருந்தால்?

முதன்மை வகுப்பு ஒன்று, துணை ஆபத்து என்று மற்றவை. எதற்கு முன்னுரிமை என்பதற்கு அட்டவணையே இருக்கிறது. மெத்தனால் எரியவும் செய்யும், நஞ்சும்கூட. வகுப்பு 3, துணை ஆபத்து 6.1 (ஆறாம் வகுப்பில் நஞ்சுக்கான உட்பிரிவு). குளோரின் நச்சு வாயு, அரிக்கும், மற்ற பொருள்களை எரியவும் தூண்டும். அந்த வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட சாய்சதுரங்கள் ஒட்டியிருப்பது அதனால்தான்.

அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளைக் குருணை போன்ற இந்த உரப்பொருள் தானாக எரியாது; 5.1 வகுப்பு, ஆக்சிஜனேற்றி. 1947 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் இந்தச் சரக்கு புகைய ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினால் சரக்கு பாழாகிவிடும் என்று, மூடிகளை அடைத்து உள்ளே நீராவியைச் செலுத்தினார்கள். காற்றை அடைத்தால் தீ அடங்கும் என்பது பொதுவான அறிவு. ஆனால், ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருளுக்குக் காற்று எதற்கு? நீராவி வெப்பத்தைக் கூட்டியது. கப்பல் வெடித்தது. சுமார் 580 பேர் இறந்தார்கள். ‘5.1’ என்ற அடையாளம் அங்கிருந்தவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்: அடைக்காதே, ஏராளமாகத் தண்ணீர் விடு, இல்லையென்றால் ஓடு.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டில் வெடித்ததும் இதுவே. ஆண்டுக்கணக்கில் துறைமுகக் கிடங்கில் கிடந்த 2,750 டன். அந்தச் செய்தி வந்த பிறகுதான், 2015இல் பறிமுதல் செய்யப்பட்ட சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் சென்னை மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் கிடப்பது பேசுபொருளாகி, ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்து ஆண்டுகள் அது அங்கே இருந்திருக்கிறது, சுற்றிலும் குடியிருப்புகளோடு. வகைப்படுத்தி லேபிள் ஒட்டியதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைப்பது எவ்வளவு பெரிய அலட்சியம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் பொருள்கூட இருக்கிறதா?

இருக்கிறது, நீல நிறச் சாய்சதுரம், வகுப்பு 4.3. நமக்கு நன்கு தெரிந்த உதாரணம், மாம்பழத்தைச் சட்டவிரோதமாகப் பழுக்க வைக்கும் கார்பைடு கல். கால்சியம் கார்பைடு, எண் 1402. ஈரம் பட்டதும் நுரைத்துக்கொண்டு அசெட்டிலீன் வாயுவை வெளியிடும். வெல்டிங்குக்குப் பயன்படுவதும் அதே வாயு. ஒரு கிலோ பொருள் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தீப்பற்றும் வாயுவை வெளியிட்டாலே 4.3க்குள் வந்துவிடும்.

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 12இல் கால்சியம் கார்பைடு. கரை ஒதுங்கும் கன்டெய்னர்களைத் தொடாதீர்கள், தள்ளி நில்லுங்கள் என்று அதிகாரிகள் எச்சரித்ததற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால், கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் நாள்கணக்கில் மீனவர்களையும் தன்னார்வலர்களையும் பொறுக்க வைத்தது வேறொன்று: அரிசி மணி அளவிலான வெள்ளை பிளாஸ்டிக் குருணைகள். அவை ஆபத்தான சரக்குப் பட்டியலில் இல்லை.

கொழும்புக்கு அருகே 2021இல் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலும் இதே கதை. அதில் 1,486 கன்டெய்னர்கள். 81இல் ஆபத்தான சரக்கு. 25 டன் நைட்ரிக் ஆசிட் ஏற்றிய கன்டெய்னர் கசிவது வழியிலேயே தெரிந்தது. கத்தாரின் ஹமத் துறைமுகத்திலும், குஜராத்தின் ஹசீராவிலும் இறக்கக் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் முடியவில்லை. மே 20 அன்று கப்பலில் தீ. நீர்கொழும்புக் கரையில் முழங்கால் அளவுக்குக் குவிந்த பிளாஸ்டிக் குருணைகள் 1,600 டன்னுக்கும் மேல் இருந்த சரக்கிலிருந்து வந்தவை. மீன்பிடித் தடை, செத்து ஒதுங்கிய ஆமைகள், வாழ்வாதாரம் இழந்த குடும்பங்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் இந்தக் குருணைகளைப் பத்திரமாக ஏற்றிச் செல்வதற்குப் பரிந்துரைகளை வெளியிட்டது. அவை கட்டாயம் அல்ல. கடலை நம்பிப் பிழைக்கும் மக்களின் இழப்பையும் ஆபத்தாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு இதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு கப்பல்கள் மூழ்கியது போதும்.

லாரியில் சட்டப்படி என்னென்ன எழுதியிருக்க வேண்டும்?

வண்டியின் இரு பக்கத்திலும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். பொருளின் சரியான பெயர் 50 மில்லிமீட்டர் உயர எழுத்தில், ஐ.நா. எண் 100 மில்லிமீட்டர் உயரத்தில், வகுப்புக்குரிய சாய்சதுரப் படம் 250 மில்லிமீட்டர் சதுரத்தில். கூடவே அவசர உதவிக்கான தொலைபேசி எண், அனுப்பியவரின் தொலைபேசி எண். பல வண்டிகளில் ‘ஹேஸ்கெம்’ குறியீடும் இருக்கும். அதன் முதல் எண் தீயணைப்பு வீரர்களுக்கானது: 2 என்றால் நுண்துளி நீர்த்தெளிப்பு, 3 என்றால் நுரை, 4 என்றால் உலர்பொடி, அதாவது தண்ணீர் கூடாது. கடைசியில் ஆங்கில ‘ஈ’ எழுத்து இருந்தால் மக்களை வெளியேற்றுவதைப் பரிசீலிக்க வேண்டும்.

டிரைவரின் உரிமத்தில் இதற்கென மூன்று நாள் பயிற்சி பெற்றதற்கான பதிவும், கேபினில் ‘ட்ரெம் கார்டு’ என்ற அவசர வழிகாட்டி அட்டையும் இருக்க வேண்டும். சேறு படிந்து எண்ணே தெரியாத பலகைகளையும், வேறு சரக்கு ஏற்றிய பிறகும் பழைய எண்ணோடு ஓடும் வண்டிகளையும் சாலையில் பார்க்கிறோம். தவறான எண், எண் இல்லாததைவிட மோசம். நுரை அடிக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் அடிக்க வைக்கும்.

காலி டேங்கரில் ஆபத்து இல்லைதானே?

அப்படி நினைத்து இறந்தவர்கள் நிறைய. பெட்ரோல் இறக்கிய டேங்கரில் திரவம் இருக்காது, ஆவி நிறைந்திருக்கும். அதோடு காற்றும் கலந்திருப்பதால், நிறைந்த டேங்கரைவிட எளிதில் வெடிக்கும். பட்டறையில் வெல்டிங் பொறி பட்டதும் வெடிப்பது இதனால்தான். சர்வதேச விதிப்படி, கழுவி ஆவி நீக்காத காலிக் கொள்கலனும் நிறைந்ததற்குச் சமம். சாய்சதுரப் படத்தை அகற்றக் கூடாது.

வீட்டுப் பொருள்களுக்கும் இந்த விதிகள் பொருந்துமா?

பொருந்தும். ஆல்கஹால் 24 சதவீதத்தைத் தாண்டாத நீர்க்கலவைக்கு விலக்கு உண்டு. சானிடைசரில் அது எங்கோ மேலே இருப்பதால் மூன்றாம் வகுப்பு. டியோடரன்ட் ஸ்பிரே இரண்டாம் வகுப்பு. பட்டாசு ஒன்றாம் வகுப்பு. பவர் பேங்கில் இருக்கும் லித்தியம் பேட்டரி ஒன்பதாம் வகுப்பு. விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டுபோகலாம், 100 வாட்-மணி வரை. செக்-இன் பெட்டியில் வைத்து அது புகைந்தால் பார்ப்பதற்கு யாரும் இருக்கமாட்டார்கள்.

ரயிலில் பட்டாசு, பெட்ரோல், சிலிண்டர் எதுவும் கூடாது. ரயில்வே சட்டம் 164ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலைய யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சமையல் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். டீ போடுவதற்காகப் பற்றவைத்த அடுப்பு.

டேங்கர் லாரி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் என்ன செய்வது?

பக்கத்தில் போகாதீர்கள். 2017 ஜூனில் பாகிஸ்தானின் பஹாவல்பூர் அருகே கவிழ்ந்த லாரியிலிருந்து பெட்ரோல் பிடிக்கக் குடத்தோடும் வாளியோடும் கூடிய கிராமத்தினர் இருநூறுக்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் விலகி நில்லுங்கள். எரிவாயுவும் குளோரினும் காற்றைவிடக் கனமானவை. பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். எனவே, மேட்டுக்குப் போங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சிகரெட் வேண்டாம். செல்போனில் வீடியோ எடுக்க அருகே போகவே வேண்டாம்.

தூரத்துக்கு வந்த பிறகு 101 அல்லது 112க்கு அழைத்து, இடம், ஊர்ப்பக்க அடையாளம், யாராவது மயங்கிக் கிடக்கிறார்களா என்பதைச் சொல்லுங்கள். பலகை கண்ணுக்குத் தெரிந்தால் அந்த நான்கு இலக்க எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லுங்கள். எண் தெரியவில்லை என்றால் சாய்சதுரத்தின் நிறத்தைச் சொல்லுங்கள்: சிவப்பா, மஞ்சளா, நீலமா, பாதி வெள்ளை பாதி கறுப்பா, வெள்ளையில் மண்டையோடா. புறப்படும் வண்டியில் நுரை ஏற்றுவதா, மூச்சுக்கருவி எத்தனை எடுப்பது என்பதையெல்லாம் தீயணைப்பு வீரர்கள் அதை வைத்து முடிவு செய்வார்கள்.